மூடிய கதவு திறக்க வேண்டும்!

கோட்டைக் கதவுக்கு வேலை இரண்டு. பகைவன் வந்தால் மூட வேண்டும். நம்மவர் வெளியேற வேண்டுமானால் திறக்க வேண்டும். செஞ்சிக் கோட்டைக்குப் பக்கத்தில் வாழும் அனந்தபுரத்து மக்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

கார்க் கதவுக்கும் இதே இரண்டு வேலைதான்.

இக்காலக் கார்கள் பல, ஓடத் தொடங்கியதும் கதவைத் தாமே பூட்டிக் கொள்கின்றன. இது நல்லதே. குழந்தை கதவைத் திறந்து சாலையில் விழும் ஆபத்து குறைகிறது. ஆனால், கார் மோதி நின்ற பிறகும் கதவு திறக்காவிட்டால்? காத்த கதவே சிறைக் கதவாகிவிடும் அல்லவா?

மோதிப் பார்க்கிறார்கள்

இதற்குச் சட்டம் இருக்கிறது. 2017 அக்டோபர் முதல் புதிய மாடல்களுக்கும், 2019 அக்டோபர் முதல் பழைய மாடல்களுக்கும் மோதல் சோதனை கட்டாயம். காருக்குள் மனித உருவப் பொம்மைகளை உட்கார வைத்து, மணிக்கு 56 கிலோ மீட்டர் வேகத்தில் தடுப்பில் மோத விடுகிறார்கள். மோதும்போது எந்தக் கதவும் திறக்கக் கூடாது. மோதிய பிறகு, இருக்கை வரிசைக்கு ஒரு கதவாவது கடப்பாரை இல்லாமல் திறக்க வேண்டும்!

2023 அக்டோபர் 1 முதல் ‘பாரத் என்கேப்’ என்ற திட்டமும் நடக்கிறது. இதில் மோதும் வேகம் 64 கிலோ மீட்டர். தேறும் காருக்கு 5 நட்சத்திரம் வரை உண்டு. ஆனால் இது கட்டாயம் அல்ல. விரும்பும் கம்பெனி மட்டும் வரலாம். இது போதாது. எல்லாக் கார்களுக்கும் இதைக் கட்டாயமாக்க வேண்டும்.

நின்ற காரிலும் ஆபத்து

2025 மே மாதம் ஆந்திராவில், விஜயநகரம் மாவட்டம் துவாரபூடி கிராமத்தில் ஒரு கொடுமை நடந்தது. நின்றிருந்த காருக்குள் ஏறி விளையாடிய 4 குழந்தைகள், கதவு பூட்டிக் கொண்டதால் மூச்சுத் திணறி இறந்தன. கார் எதிலும் மோதவில்லை. நட்சத்திரம் இருந்தாலும் அங்கே என்ன பயன்?

ஆகவே, சட்டம் பாதி, வீடு பாதி. காரை நிறுத்தினால் பூட்ட வேண்டும். சாவி குழந்தை கைக்கு எட்டக் கூடாது. மின்சாரம் நின்றாலும் கதவைக் கையால் திறக்கும் வழியை விற்பவர் காட்ட வேண்டும். வாங்குகிறவர் அதைத் தம் கையால் ஒரு முறை திறந்து பார்க்க வேண்டும். மனைவி மக்களுக்கும் கற்றுத் தர வேண்டும்.

காரின் நிறத்தை நாலு தடவை பார்க்கிறோம். கதவை ஒரு தடவை பார்க்கக் கூடாதா?