கம்போங் செட்டி கலையாத காரணம்

மலாக்கா நகர மையத்துக்குச் சற்று அப்பால், காஜா பெராங் சாலையோரத்தில் இருக்கிறது கம்போங் செட்டி. மலாக்கா சுல்தான்கள் காலத்தில் வணிகத்துக்கு வந்து, உள்ளூர்ப் பெண்களை மணந்து தங்கிவிட்ட தமிழர்களின் வழித்தோன்றல்கள் வாழும் குடியிருப்பு அது. வீட்டில் புழங்குவது மலாய். பெண்களின் மரபுடை சாரோங்கும் கெபாயாவும். கும்பிடுவது விநாயகரையும் மாரியம்மனையும். மொழியை மட்டும் வைத்துக் கணக்குப் பார்த்தால் இச்சமூகம் எப்போதோ கரைந்திருக்க வேண்டும். கரையவில்லை. அண்டை அயலாராகவே இன்னும் சேர்ந்திருக்கிறார்கள்.

இதற்குப் பண்பாட்டுப் பற்றுதான் காரணம் என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கம். பற்று மட்டும் போதுமென்றால், சிறிது தூரத்தில் உள்ள ஜோங்கர் தெருப் பகுதியில் குடும்பங்கள் குறைந்திருக்காது. 1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அங்கிருந்த பழைய கடைவீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் குறைந்த வாடகையில் குடியிருந்தோரைக் காத்துவந்தது. 1997-இல் அதை நீக்கச் சட்டம் வந்தது. சலுகைக் காலம் 1999 முடிவோடு தீர்ந்ததும் வாடகை ஏறியது. தையற்காரர், தச்சர், சிறு வணிகர் எனப் பலரும் வீட்டைக் காலி செய்தனர். 2008-இல் யுனெஸ்கோ மலாக்காவை உலகப் பாரம்பரிய நகரமாக அறிவித்தபோது கட்டடங்கள் இருந்தன; அவற்றில் குடியிருந்தவர்களில் பலர் இல்லை. சுவருக்குக் கிடைத்த பாதுகாப்பு குடியிருந்தவருக்குக் கிடைக்கவில்லை.

கம்போங் செட்டியின் நிலை வேறு. அங்கே நிலத்தின் பெரும்பகுதி கோயில் சொத்து. டச்சு அரசு சமூகத் தலைவர் தைவநாயகம் செட்டிக்கு வழங்கிய நிலத்தில் 1781-இல் எழுந்தது, துக்காங் எமாஸ் சாலையில் இன்றும் நிற்கும் ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி கோயில். 1822-இல் காஜா பெராங்கில் முத்து மாரியம்மன் கோயில் அமைந்தது. கோயிலோடு நிலமும் பொதுவில் நின்றதால் தனியொருவர் தன் வசதிக்கு விற்றுவிட்டுப் போவது எளிதாக இல்லை. ஊர் கலையாமல் இருந்ததற்கு முதல் காரணம் இந்த நிலப் பத்திரம்தான். அதைச் சொல்ல யாருக்கும் அவ்வளவு ஆசை இல்லை. பண்பாட்டுப் பெருமை பேசுவதில் உள்ள சுவை பத்திரத்தில் இல்லை அல்லவா!

இரண்டாவது காரணம் நாட்காட்டி. ஏப்ரல், மே மாதங்களில் வரும் மாரியம்மன் திருவிழா பத்து நாள் நடக்கும்; ஒரு காலத்தில் அம்மை நோயிலிருந்து காத்ததற்கு நன்றி சொல்லத் தொடங்கியதாகச் சொல்லப்படும் விழா அது. வெளியூருக்கு வேலைக்குப் போனவர்களும் அந்நாட்களில் வந்துசேர்கிறார்கள். ஜனவரியில் பொங்கலுக்கு முந்தைய நாள் போகிப் பார்ச்சு. இறந்த முன்னோருக்கு அவர்கள் விரும்பிய உணவை வாழையிலையில் படைப்பார்கள். நாசி லெமாக்கும் சம்பாலும் மீன் குழம்பும் பலகாரங்களும் ஒரே இலையில் இருக்கும். ஆண்டின் நடுவில் பழம் பழுக்கும் காலத்தில் இன்னொரு படையல் உண்டு. சமைப்பது, இலை பரப்புவது, பந்தல் போடுவது எல்லாம் ஒரு வீட்டால் ஆகிற வேலையல்ல. தேதி முன்கூட்டியே தெரிந்த, தட்டிக்கழிக்க முடியாத வேலை இருப்பதால் அண்டை வீட்டாரோடு மனத்தாங்கல் வந்தாலும் நெடுநாள் பேசாமல் இருக்க முடிவதில்லை.

நிலமும் நாட்காட்டியும் தந்த இந்த அரண் முழுமையானதல்ல. மாநில அரசு 2002-இல் கம்போங் செட்டியைப் பாரம்பரியக் கிராமமாக அரசிதழில் அறிவித்தது. ஆனால் அரசிதழின் பாதுகாப்பு எல்லைக்கோட்டோடு நின்றுவிடும். ஏறத்தாழப் பத்தாண்டு கழித்து, ஊரை ஒட்டிய நிலத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பும் ஓட்டலும் கட்டும் திட்டம் வந்தபோது, ஊரார் ஒன்றுகூடிப் பொதுவெளியில் எதிர்த்தார்கள். திருவிழாவுக்காகக் கூடிப் பழகியவர்களுக்கு இப்படி ஒன்றுகூடுவது புதிதல்ல.

மலாக்காத் தமிழரில் பெரும்பாலோருக்கு வாய்த்தது இந்த வரலாறு அல்ல. 1896-இல் டான் சாய் யான் என்ற வணிகர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டதிலிருந்து மாநிலத்தில் தோட்டங்கள் பெருகின. அங்கு வந்த தொழிலாளிக்கு லயத்து வீடு வேலையோடு ஒட்டிய சலுகை, சொத்து அல்ல. தோட்டம் கைமாறியபோது, பால்மரம் போய்ச் செம்பனை வந்தபோது, வேலையோடு வீடும் போனது. புக்கிட் லிந்தாங்கின் பெயரில் இன்றும் தமிழ்ப்பள்ளி ஒன்று இயங்குகிறது. இப்படித் தோட்டப் பெயர் தாங்கிய பள்ளிகளும் கோயில் திருவிழாக்களுமே சிதறியவர்களை அவ்வப்போது ஒரே இடத்தில் கூட்டுகின்றன.

தோட்டங்களிலிருந்து தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதிகளுக்கும் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் போனவர்களுக்கு அரசு தந்த கருவி ருக்குன் தெத்தாங்கா. 1975-இல் பாதுகாப்புக் காரணத்துக்காக, கட்டாய இரவு ரோந்தோடு தொடங்கிய திட்டம் அது. பின்னர் அண்டை அயலார் நல்லுறவுக்கான அமைப்பாக மாறி, 2012-இல் தனிச் சட்டமும் பெற்றது. இன்று ரோந்து தன்னார்வத்தில் நடக்கிறது. டிங்கிக் காய்ச்சல் பரவும்போது கோத்தோங் ரோயோங் என்னும் கூட்டுப்பணி நடத்தி வடிகாலைச் சுத்தம் செய்வதற்கும் தேங்கிய நீரைக் கொட்டுவதற்கும் இக்குழுக்கள் உதவுகின்றன. செயலாளர் சுறுசுறுப்பாக இருக்கும்வரை எல்லாம் நடக்கும். அவர் வீடு மாறினால் கூட்டமும் நின்றுவிடும் இடங்கள் உண்டு. கோயில் திருவிழாவைப் போல, ஆள் மாறினாலும் தேதி மாறாத நிகழ்ச்சி இக்குழுக்களுக்கு அமைவது அரிது.

அடுக்குமாடிகளில் நிலைமை இன்னும் சிக்கலானது. 2013-ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டப்படி வீட்டு உரிமையாளர்களே கூடி நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பராமரிப்புக் கட்டணம் செலுத்துவது ஒவ்வோர் உரிமையாளரின் கடமை. சொத்துரிமை இங்கேயும் இருக்கிறது. மின்தூக்கி, தண்ணீர்த் தொட்டி, மாடிப்படி விளக்கு ஆகியவை பொதுச்சொத்து. கட்டணம் பாக்கி விழுந்தால் முதலில் நிற்பது மின்தூக்கி. ஏறி இறங்க முடியாமல் தவிப்பவர்கள் மேல்மாடிகளில் இருக்கும் முதியவர்கள். பாக்கி வைத்தவருக்கு நோட்டீஸ் அனுப்பவும் வழக்குப் போடவும் சட்டம் வழி தருகிறது. ஆனால் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு உரிமையாளர்கள் வரவில்லையென்றால் குழுவைத் தேர்ந்தெடுக்கவோ கணக்கைக் கேட்கவோ ஆளில்லை. பல வீடுகளில் இருப்பவர் வாடகைதாரர். உரிமையாளர் வேறு ஊரில். வாடகைதாரருக்குக் கூட்டத்தில் வாக்கில்லை, மின்தூக்கி நின்றால் படியேறுபவர் அவர்தான்.