பாப்பா நடக்கிறாள்... நீங்க எங்கே இருக்கீங்க?

உங்கள் வீட்டில் ஒன்று, ஒன்றரை வயதில் ஒரு வாண்டு இருக்கிறதா? அப்படியானால் இதைப் படிக்க உங்களுக்கு நேரமே இருக்காது. பரவாயில்லை, அது மத்தியானம் தூங்கும்போது படியுங்கள். ஐந்து நிமிஷ சமாச்சாரம்தான்.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். என் மூத்த மகளுக்கு ஒரு வயது முடிந்த சமயம். எனக்கு ஆபீஸில் புதுப் பொறுப்பு. காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் ராத்திரி பத்தரைக்குத்தான் வீடு. ஒருநாள் கதவைத் திறந்ததுமே என் மனைவி, "ஏங்க, பாப்பா இன்னிக்கு நாலு அடி நடந்தா! சோபாவிலேர்ந்து டி.வி. ஸ்டாண்டு வரைக்கும்!" என்றாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. தூங்கிக்கொண்டிருந்த குழந்தையைத் தூக்கி நிறுத்தி, "வா வா, அப்பாகிட்டே நடந்து வா!" என்றேன். அது வீல் என்று கத்தி வீட்டையே இரண்டாக்கிவிட்டது. உள்ளேயிருந்து வந்த என் மாமியார், "என்ன மாப்பிள்ளை இது, தூங்கற குழந்தையை எழுப்பி வித்தை காட்டச் சொல்றீங்க? அது நடந்தப்ப நீங்க இல்லே. இப்ப நீங்க இருக்கீங்க, அது தூங்குது. நாளைக்குப் பார்த்துக்கலாம், விடுங்க" என்றார்.

அந்த 'நாளைக்கு' எனக்கு ஞாயிற்றுக்கிழமைதான் வந்தது. அதற்குள் அவள் ஹாலை ஒரு சுற்றுச் சுற்றி வர ஆரம்பித்துவிட்டாள். இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு, விழலாமா வேண்டாமா என்று யோசித்தபடி தள்ளாடித் தள்ளாடி நடப்பார்களே, அந்த நடை அவளுக்கு நாலே நாள்தான் இருந்திருக்கிறது. நான் பார்க்கவில்லை. இன்றைக்கு அவள் பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தயத்தில் பரிசு வாங்கி வருகிறாள். எனக்கு அந்த நாலு அடிதான் ஞாபகத்துக்கு வருகிறது.

குலசேகர ஆழ்வார் தம் பெருமாள் திருமொழியில் ஒரு பதிகம் முழுவதையும் தேவகி பேசுவதாகவே பாடியிருக்கிறார். பெற்றது அவள். தாலாட்டியதும், தளர்நடை பார்த்ததும் யசோதை. பிள்ளை விளையாடிய விளையாட்டையெல்லாம் காணக் கொடுத்து வைக்கவில்லையே என்று புலம்புகிறாள் தேவகி. பாவம், அவளைச் சிறையில் அடைத்திருந்தார்கள். நம்மை யார் அடைத்தது? பாதி ஆபீஸ், மீதி கையிலிருக்கும் செல்போன். அதானே?

குழந்தை வளர்வதைப் பார்த்து சந்தோஷப்படுவது ஏதோ ஓய்வு நேரத்துப் பொழுதுபோக்கு என்று நாம் நினைக்கிறோம். இல்லவே இல்லை. பால், பருப்புசாதம், தடுப்பூசி மாதிரி அதுவும் நாம் குழந்தைக்குத் தரவேண்டிய ஒன்று. ஏன் என்று சொல்கிறேன்.

பார்க்க என்ன இருக்கு?

நியூயார்க் பல்கலைக்கழகத்தில் கேரன் அடால்ஃப் என்பவரும் அவருடைய குழுவினரும் ஒன்றிலிருந்து ஒன்றரை வயதுவரையுள்ள குழந்தைகள் விளையாடுவதைப் படம்பிடித்து எண்ணிப் பார்த்தார்கள். 2012-ல் வெளிவந்த அந்த ஆய்வின் கணக்கு என்ன தெரியுமா? சராசரியாக ஒரு மணி நேரத்தில் 2,368 அடி நடக்கிறார்கள். 17 தடவை விழுகிறார்கள்! நாமாக இருந்தால் மூன்றாவது தடவை விழுந்ததுமே 'எனக்கு நடையே வேண்டாம்' என்று உட்கார்ந்துவிடுவோம். அது எழுந்து, புட்டத்தைத் தட்டிக்கொண்டு, மறுபடி கிளம்புகிறது.

அடுத்த தடவை விழும்போது கவனியுங்கள். உடனே அழாது. முதலில் உங்கள் முகத்தைப் பார்க்கும். நீங்கள் "ஐயையோ!" என்று பதறினால் அழுகை. "அட, விழுந்துட்டியா? எழுந்திரு ராஜா" என்று சிரித்தால் பெரும்பாலும் அதுவும் சிரிக்கும். உலகம் பயப்பட வேண்டிய இடமா இல்லையா என்பதை அது உங்கள் முகத்தில்தான் படிக்கிறது. நீங்கள் முகத்தை வேறு பக்கம் வைத்திருந்தால் அது எதைப் படிக்கும்?

இன்னொரு வேடிக்கை. குழந்தைக்குத் தெரியாமல் அதன் மூக்கில் கொஞ்சம் சாந்துப்பொட்டு வைத்துக் கண்ணாடி முன்னால் நிறுத்துங்கள். ஒரு வயதுக் குழந்தை கண்ணாடிக்குள் இருக்கும் 'அந்தப் பாப்பா'வைப் பார்த்துச் சிரிக்கும், கண்ணாடியைத் தட்டும். ஒன்றரை வயதிலிருந்து இரண்டு வயதுக்குள் ஒருநாள், கை தன் சொந்த மூக்குக்கே போகும். 'அட, இது நான்!' 1972-ல் பியூலா ஆம்ஸ்டர்டாம் என்ற அமெரிக்க ஆய்வாளர் இந்தச் சோதனையைக் குழந்தைகளிடம் செய்து எழுதினார். நம் வீட்டில் இதற்கு ஆகும் செலவு ஒரு பொட்டு. அந்த 'நான்' வந்த கொஞ்ச நாளில்தான் "நானு... நானு!" என்று செருப்பைத் தானே மாற்றிப் போட்டுக்கொள்கிற பிடிவாதமும் வரும். அதைப் பார்த்து எரிச்சல்படுகிறவர்கள், அந்த மூக்கையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் கண்டுபிடித்த சமாச்சாரம் மட்டும் இல்லை. நம் பிள்ளைத்தமிழை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் மாதம் கையை ஊன்றித் தலையை ஆட்டினால் செங்கீரை. ஒன்பதாம் மாதம் கை கொட்டினால் சப்பாணி. ஒரு வயதை ஒட்டி நடந்து வரச் சொன்னால் வருகை. பிறகு நிலாவைக் கூப்பிட்டால் அம்புலி. பத்துப் பருவமாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் பாட்டு! 12-ம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் ராஜாவையே குழந்தையாக்கி, குலோத்துங்கன் பிள்ளைத்தமிழ் பாடினார். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த ஜனங்களுக்குத்தான் இப்படிப் பிரிக்கத் தோன்றும்.

ஒப்பிட்டால் போச்சு!

இந்த சந்தோஷத்துக்கு முதல் எதிரி, பக்கத்து வீட்டுக் குழந்தை. அதாவது, அதைப் பற்றிய பேச்சு. "எங்க பேரன் ஒன்பதாம் மாசமே நடந்துட்டான். இவ இன்னும் நடக்கலியா?" என்று யாராவது ஒரு அத்தை கேட்டுவிட்டால் போதும். அன்றிலிருந்து நாம் குழந்தையைப் பார்ப்பதில்லை. காலண்டரைப் பார்க்கிறோம்.

உலக சுகாதார நிறுவனம் நம் நாடு உட்பட ஐந்து நாடுகளில் ஆரோக்கியமான குழந்தைகளைக் கவனித்து 2006-ல் வெளியிட்ட விவரம் இது: பிடிமானம் இல்லாமல் தானாக நடப்பது, 8 மாதம் கடந்ததிலிருந்து பதினேழரை மாதம் வரை எப்போது வேண்டுமானாலும் நடக்கலாம். நூற்றில் நாலு குழந்தைகள் கையும் முட்டியும் ஊன்றித் தவழவே இல்லை. நேராக நடைக்குப் போய்விட்டன! முந்தி நடந்த குழந்தை ஐ.ஏ.எஸ். ஆகும் என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை.

சீக்கிரம் நடக்கட்டும் என்று குழந்தையை உள்ளே உட்கார வைக்கிற வாக்கரை வாங்காதீர்கள். அது நடையைச் சீக்கிரம் கொண்டு வராது. படிக்கட்டில் உருளும் ஆபத்துதான் மிச்சம். கனடாவில் 2004-லேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டார்கள். குழந்தை தானே நின்று தள்ளுகிற நம் பழைய மர நடைவண்டி வேறு விஷயம். அதையும் ஒரு ஆள் பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது சாப்பாட்டுக் கவலை. "முன்னே மாதிரி சாப்பிடவே மாட்டேங்கறான் டாக்டர்." முதல் வருஷத்தில் குழந்தையின் எடை சுமார் மூன்று மடங்காகிறது. இரண்டாவது வருஷத்தில் இரண்டு, இரண்டரை கிலோதான் ஏறும். வளர்ச்சி நிதானமாகும்போது பசியும் நிதானமாகிறது. எடை அட்டையில் கோடு ஒழுங்காக ஏறுகிறதா? அப்படியானால் கிண்ணத்தோடு துரத்துவதை நிறுத்திவிட்டு, அது தானே பிசைந்து, பாதியைத் தலையில் தடவிக்கொள்வதைக் கொஞ்சம் ரசியுங்கள்.

முகத்தைக் காட்டுங்கள்

இரண்டாவது எதிரி செல்போன். குழந்தை கையில் இருப்பதைச் சொல்லவில்லை. இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம் என்று 2019-ல் உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது, அது எல்லோருக்கும் தெரியும். நான் சொல்வது நம் கையில் இருக்கும் போனை. குழந்தை நடந்தால் உடனே போனைத் தூக்கிப் படம் எடுக்கிறோம். அதற்குத் தெரிவது அம்மாவின் முகம் இல்லை, போனின் முதுகு!

1970-களில் எட்வர்ட் ட்ரோனிக் என்ற அமெரிக்க மனநல ஆய்வாளர் ஒரு சோதனை செய்தார். கைக்குழந்தையோடு கொஞ்சிக்கொண்டிருக்கும் அம்மா சில நிமிஷங்கள் முகத்தில் எந்த அசைவும் இல்லாமல் சும்மா இருக்க வேண்டும். அவ்வளவுதான். குழந்தை சிரித்துப் பார்த்தது, கூப்பிட்டுப் பார்த்தது, கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு சோர்ந்து போனது. அதைப் படித்த அன்று, சாயந்திரங்களில் நான் போனைப் பார்க்கும்போது என் முகம் எப்படி இருக்கும் என்று யோசித்தேன். எனக்கே வெட்கமாக இருந்தது.

இன்னொரு லாபமும் உண்டு. தினமும் சந்தோஷமாகப் பார்க்கிறவர்களுக்குத்தான் ஏதாவது சரியில்லை என்றால் முதலில் தெரியும். ஒரு வயதாகியும் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை. ஒன்றரை வயதாகியும் நடக்கவில்லை, அர்த்தமுள்ள வார்த்தை ஒன்றுகூட வரவில்லை, விரலை நீட்டி "அதோ" என்று எதையும் காட்டவில்லை. இரண்டு வயதாகியும் "பால் வேணும்" போல இரண்டு வார்த்தை சேரவில்லை. இவற்றில் எது இருந்தாலும் டாக்டரிடம் போங்கள். எந்த வயதிலானாலும், வந்த பேச்சோ நடையோ மறைந்து போனால் தாமதிக்கவே கூடாது. காதையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். அரசு மருத்துவமனைகளிலும் மாவட்ட அளவில் இதற்கென்று மையங்கள் இருக்கின்றன. "அவங்கப்பாவும் லேட்டாத்தான் பேசினார்" என்று பாட்டி சொல்வார். சொல்லட்டும். நீங்கள் காட்டிவிட்டு வந்து நிம்மதியாக இருங்கள்.

"இதெல்லாம் எழுத நல்லா இருக்கு சார், வேலைக்குப் போகாம உட்கார்ந்து பார்த்துக்கிட்டிருந்தா வீட்டு வாடகையை யார் கொடுப்பாங்க?" என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. நியாயம்தான். நானும் வேலையை விடவில்லை. மகன் பிறந்த பிறகு ஒன்றே ஒன்று செய்தேன். வீட்டுக்கு வந்ததும் போனை பீரோ மேல் வைத்துவிட்டு, அரை மணி நேரம் தரையில் உட்கார்ந்தேன். சொல்லிக்கொடுக்க இல்லை, சும்மா பார்க்க. வேலைக்குப் போகும் தாய்மார்களுக்கும் இதையேதான் சொல்வேன். முதல் அடியைக் காப்பகத்து ஆயாவோ, உங்கள் மாமியாரோ பார்த்திருக்கலாம். அதற்காகக் கண் கலங்காதீர்கள். மணிக்கு இரண்டாயிரம் அடி நடக்கிற பிள்ளை உங்களுக்கும் மிச்சம் வைத்திருக்கும்.

என் மகனும் முதல் அடியை நான் இல்லாதபோதுதான் வைத்தான். ஆனால் பன்னிரண்டாவது அடியோ, இருபதாவது அடியோ, அது என்னை நோக்கி வந்தது. முட்டியில் வந்து மோதி, அண்ணாந்து பார்த்துச் சிரித்தான். இந்தத் தடவை தூங்கும் குழந்தையை நான் எழுப்பவில்லை.

சரி, உங்கள் வீட்டில் உள்ளே ஏதோ சத்தம் கேட்கிறது பாருங்கள். எழுந்துவிட்டது போலிருக்கிறது. இதை மூடி வைத்துவிட்டுப் போங்கள்.