கோபர் கேஸும் பத்து கிலோ கரியும்

வங்கியில் விவசாயக் கடன் பிரிவில் நான் சேர்ந்தது 1982-இல். கோபர் கேஸுக்கு அது நல்ல காலம். முந்தைய வருடம்தான் மத்திய அரசு அதற்கென்று தேசியத் திட்டம் தொடங்கி மானியம் கொடுத்துக்கொண்டிருந்தது. கிணறு மாதிரி ஒரு குழி, அதன்மேல் கவிழ்த்த இரும்பு டிரம். கதர் கமிஷன் மாதிரி என்போம். நானும் கையெழுத்துப் போட்டு நிறையக் கடன் கொடுத்தேன். பல வருடம் கழித்து அதே ஊர்களுக்குப் போனபோது டிரம் துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தது, மாடு விற்றாகிவிட்டது, ஒரு குழியில் முருங்கை மரமே நின்றது. கடன் மட்டும் பதிவேட்டில் பத்திரமாக இருந்தது.

அந்தக் குற்ற உணர்ச்சியோ என்னவோ, ஓய்வு பெற்றதும் வீட்டுக்குப் பின்னால் 1000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி ஒன்று வாங்கி வைத்தேன். சாணம் முதல் தடவை மட்டும்தான். பிறகு காய்கறித் தோல், மீந்த சோறு, கழனித் தண்ணீர். தினம் முக்கால் மணி நேரம் அடுப்பு எரிந்தது. பால் காய்ச்ச, காப்பி போட, ஒரு குழம்பு வைக்கப் போதும்.

பேத்தியின் காதுகுத்துக்கு மறுநாள் வந்தது வினை. மீந்த சாதம், பாயசம், கேசரி எல்லாவற்றையும் ஒரே நாளில் தொட்டிக்குள் தள்ளினேன். நாலாம் நாள் அடுப்பில் நெருப்பு பிடிக்கவில்லை. புளித்த வாடை தெருவரை போனது. "ஏங்க, ஒண்ணு தொட்டி இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்றாள் வீட்டுக்காரி. விற்றவரைக் கூப்பிட்டால், ஒரு பொட்டலம் 'நுண்ணுயிர்ப் பொடி' நூற்றுக்கணக்கில் விலை சொன்னார். உள்ளே என்ன இருக்கிறது என்றால் பதில் இல்லை.

என் தங்கை மகன் வேளாண்மை படித்தவன். அவன்தான் புரியவைத்தான். தொட்டிக்குள் வேலை செய்வது இரண்டு கூட்டம், மாமா. ஒன்று சோற்றை உடைத்து அமிலமாக்கும், படுவேகம். இன்னொன்று அந்த அமிலத்தைத் தின்று மீத்தேனாக்கும், அது ஆமை. விருந்துச் சாப்பாட்டை ஒரேயடியாகக் கொட்டினால் முதல் கூட்டம் குதிக்கும், இரண்டாவது தன் பங்கைத் தின்று முடிப்பதற்குள் தொட்டி புளித்து அதுவே செத்துவிடும். இதற்குக் கரி போடலாம் என்றான். சாதாரண அடுப்புக்கரி.

நான் நம்பவில்லை. ஆனால் விஷயம் இருக்கிறது. கரித்துண்டு முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத துளைகள். நல்ல கரி ஒரு கிராமில் உள்ள துளைகளின் பரப்பை விரித்தால் ஒரு பெரிய வீட்டு மனை அளவுக்கு வரும். மெதுவாகப் பெருகும் அந்த மீத்தேன் கூட்டம் ஒட்டிக்கொண்டு வாழ அது இடம். கரியில் இருக்கும் சாம்பல் புளிப்பைக் கொஞ்சம் தணிக்கும். இன்னொன்றுதான் எனக்கு ஆச்சரியம்: நன்றாக வெந்த கரி மின்சாரத்தைக் கடத்தும். இரண்டு கூட்டமும் அதன் வழியே எலெக்ட்ரானை நேரடியாகக் கைமாற்றிக்கொள்கின்றன. ஆய்வகச் சோதனைகளில் கண்ட சங்கதி இது; நிஜத் தொட்டியில் எவ்வளவு நடக்கிறது என்பது இன்னும் உறுதியில்லை. கோழி எருவுக்கு வேறு வகை துளைக் கல் இருக்கிறது, ஜியோலைட். கோழி எருவில் மிகும் அமோனியாவை அது பிடித்து வைக்கும். நாமக்கல் பக்கத்தார் கவனிக்கலாம்.

இஸ்திரிக் கடையில் கொட்டாங்கச்சிக் கரி பத்து கிலோ வாங்கினேன். லிட்டருக்கு 5 முதல் 15 கிராம் என்பது ஆய்வுகளில் வழக்கமான அளவு. கடலைப்பருப்பு அளவுக்கு உடைத்து, பொடியைச் சலித்து எடுத்துவிட்டு, ஊர் நண்பர் வீட்டுச் சாண எரிவாயுக் குழியிலிருந்து கொண்டுவந்த கரைசலில் ஒரு வாரம் ஊறவைத்துப் போட்டேன். மூன்று வாரத்தில் நீல நெருப்பு.

அது கரியால் வந்ததா, கூடவே போன சாணக் கரைசலால் வந்ததா? நியாயமான கேள்வி. கரைசல் மட்டுமே போட்டிருந்தாலும் எழுந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அந்தத் தீபாவளிக்குப் பலகாரம் கொஞ்சம் கூடப் போய்விட்டது. இரண்டு நாள் முனகிவிட்டுத் தொட்டி தானே தேறியது. அதைத்தான் நான் கரியின் கணக்கில் எழுதுகிறேன். அதற்காக அளவில்லாமல் தீனி போட்டால் கரியும் காப்பாற்றாது. நிறையப் போட்டால் அடியில் தங்கிக் குழாயை அடைக்கும்.

பெரிய குடியிருப்புகள் தங்கள் ஈரக்குப்பையை முடிந்தவரை வளாகத்துக்குள்ளேயே பதப்படுத்த வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டு விதிகள் வந்தன. அதை நம்பி லட்சக்கணக்கில் கொட்டி வைத்த எந்திரங்களில் சில இன்று பூட்டிக் கிடப்பதை என் கண்ணாலேயே பார்க்கிறேன். புதிதாக இன்னொன்று வாங்கத் தீர்மானம் போடுமுன், இருக்கும் தொட்டியில் கரியைப் போட்டுப் பாருங்கள் என்பதே என் கட்சி. ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் பக்கம் சீமைக் கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டு லாரி லாரியாக ஏற்றுகிறார்கள். மரத்தை ஒழிக்க வேண்டும் என்று ஒரு பக்கம் கூச்சல், குப்பைத் தொட்டி வேலை செய்யவில்லை என்று மறுபக்கம் புலம்பல். இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பேச எந்த அலுவலகத்திலும் ஆள் இல்லை. பொடிப் பொட்டலம் விற்பவருக்கு மட்டும் வழி தெரிகிறது.

தொட்டியிலிருந்து வழியும் கரைசலோடு கரித்தூளும் கொஞ்சம் வெளியே வரும். அதை வாழைக்கு ஊற்றுகிறேன். மண்ணில் கரி மக்காமல் பல காலம் கிடக்கும், ஈரம் பிடிக்கும். போன மாதம் தார் தள்ளியது. வீட்டுக்காரி இப்போது தொட்டியைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. கரி உடைத்த அம்மிக் குழவியைப் பற்றி மட்டும் இன்னும் கேட்கிறாள்.