கைப்பேசி ஊமையாகும் நாளில்

கைப்பேசி இருக்கும்போது ஹேம் வானொலி எதற்கு என்று பலர் கேட்கின்றனர். 2004 டிசம்பர் 26ஆம் நாள் அதற்கு விடை தந்தது. அன்று ஆழிப்பேரலை அந்தமான் தீவுகளைத் தாக்கியது. தொலைபேசித் தொடர்பு துண்டிக்கப்பட்டது. போர்ட் பிளேயரில் தங்கியிருந்த ஹேம் வானொலியாளர் பாரதி பிரசாத், தம் குழுவினருடன் வானொலி வழியே செய்திகளை அனுப்பினார். தீவில் சிக்கியோரின் நிலையை உறவினர்கள் அதன்வழி அறிந்தனர்.

கைப்பேசி கோபுரத்தை நம்பியிருக்கிறது. கோபுரம் பழுதானால் அதுவும் பயனற்றுப்போகும். ஹேம் வானொலியோ ஒரு கருவியிலிருந்து மற்றொரு கருவிக்கு நேரடியாகச் செய்தி அனுப்பவல்லது.

எனினும், வசதிகள் நிறைந்த கையடக்க வானொலியை வாங்கினால் போதும் என்று எண்ணுவது தவறு. வண்ணத்திரையும் பொத்தான்களும் குரலைத் தொலைவுக்குக் கொண்டுசெல்வதில்லை. இத்தகைய கருவிகள் பலவற்றின் ஆற்றல் ஏறத்தாழ 5 வாட் மட்டுமே. அந்தச் சிறிய ஆற்றலை முழுமையாகப் பயன்படுத்த உதவுவது ஆண்டெனாவே. 2 மீட்டர் அலைவரிசைக்கு ஏறத்தாழ அரை மீட்டர் நீளமுள்ள ஆண்டெனா பொருத்தமானது. கருவியோடு வரும் குட்டை ஆண்டெனா அதற்கு ஈடாகாது. உயரமான இடத்தில் பொருத்தினால் பயன் மேலும் கூடும்.

இந்த அறிவு பேரிடர் நாளில் திடீரென்று வாய்க்காது. தேர்வு எழுதி உரிமம் பெற வேண்டும், பயிற்சியும் வேண்டும். ஆகவே, பள்ளிகளில் ஹேம் வானொலிக் கழகங்கள் அமைவது நன்று. வெள்ளம் வருமுன் அணை போடுவதே அறிவுடைமை.