இல்லத்தின் வரவு செலவு: பட்டமும் கடனும்



பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவந்தவுடன் தாம்பரம், குரோம்பேட்டை, பெருங்களத்தூர் வட்டாரத்து இல்லங்களில் ஒரு பேச்சு எழுவது வழக்கம். மகன் பொறியியல் படிக்கக் கடன் வாங்கத் தயங்காத தந்தை, மகள் வரலாறோ ஆங்கில இலக்கியமோ படிக்க விரும்பினால், "அதைப் படித்து என்ன சம்பாதிக்கப் போகிறாய்?" என்று வினவுகிறார். வினா நியாயமானதே. ஆனால் வினவியதோடு நின்றுவிடாமல், தாளும் எழுதுகோலும் எடுத்துக் கணக்கிட்டுப் பார்த்தல் வேண்டும். இத்திங்கள் அக்கணக்கை நாமே போட்டுப் பார்ப்போம்.

இந்திய வங்கிகள் சங்கம் 2001-இல் வகுத்த மாதிரித் திட்டத்தைத் தழுவியே பெரும்பாலான வங்கிகள் கல்விக் கடன் வழங்குகின்றன. நான்கு லட்சம் ரூபாய் வரை ஈடு கேட்பதில்லை. வெளியார் பிணையும் கேட்பதில்லை. ஆனால் பெற்றோர் இணைக் கடனாளியாகக் கையொப்பம் இடவேண்டும். படிப்புக் காலத்திலும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டுவதில்லை. ஆயினும் அந்நாள்களில் வட்டி உறங்குவதில்லை என்பதைப் பலர் கருத்திற் கொள்வதில்லை.

மூன்றாண்டுப் பட்டப்படிப்புக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம், நூற்றுக்குப் பத்து வட்டியில், மூன்று லட்சம் வாங்குவதாகக் கொள்வோம். முதல் லட்சத்துக்கு நான்கு ஆண்டு வட்டி 40,000, இரண்டாவதற்கு 30,000, மூன்றாவதற்கு 20,000. தவணை தொடங்கும் நாளில் கடன் 3,90,000 ரூபாயாக நிற்கும். அதை ஏழாண்டுகளில் அடைக்க மாதம் ஏறத்தாழ 6,475 ரூபாய் கட்டவேண்டும். மொத்தம் 5,44,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. பதினைந்து ஆண்டுகளுக்கு நீட்டினால் மாதத் தவணை 4,190 ஆகக் குறையும். மொத்தமோ ஏழரை லட்சத்தைக் கடந்துவிடும்.

இனி வரவைப் பார்ப்போம். பட்டம் பெற்ற பிள்ளை மாதம் 18,000 ரூபாய் ஊதியத்தில் ஒரு வேலையில் அமர்வதாகக் கொண்டால், ஏழாண்டுத் தவணையே அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொண்டுபோய்விடும். எஞ்சியதில்தான் பயணம், உணவு, வீட்டுக்குத் தரும் பங்கு அனைத்தும் அடங்கவேண்டும். இங்கிலாந்தில் மாணவர் கடனை வேறு முறையில் திருப்பிப் பெறுகின்றனர். பட்டதாரியின் வருமானம் ஒரு வரம்பைத் தாண்டிய பின்னரே, தாண்டிய தொகையில் நூற்றுக்கு ஒன்பது பங்கு பிடிக்கப்படுகிறது. வருமானம் இல்லையெனில் பிடித்தமும் இல்லை. நம் நாட்டுத் தவணையோ ஊதியம் கூடுதலா குறைவா என்று பாராது. குறித்த நாளில் கட்டியாக வேண்டும். தவறினால் பிள்ளையின் பெயரோடு பெற்றோரின் பெயரும் கடன் தகவல் நிறுவனங்களின் ஏட்டில் ஏறிவிடும்.

கலைப் பட்டத்துக்கே உரிய மற்றொரு செய்தியும் உண்டு. பொறியியல் பட்டம் பெரும்பாலோர்க்குப் படிப்பின் முடிவு. கலைப் பட்டமோ பலருக்கு முதற்படி. ஆசிரியராக விரும்புவோர் ஈராண்டு பி.எட். படிக்கவேண்டும், வழக்கறிஞராக விரும்புவோர் மூன்றாண்டுச் சட்டம், சமூகப் பணியை நாடுவோர் முதுகலை. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் இரண்டாம் தொகுதித் தேர்வுக்கும், வங்கி அதிகாரித் தேர்வுக்கும் எப்பட்டமும் போதும். ஆனால் அதற்குரிய பயிற்சிக்குக் காலம் வேண்டும். மாதந்தோறும் 6,475 ரூபாய் கட்டவேண்டிய பிள்ளை எவ்வாறு காத்திருக்கும்? கிடைத்த முதல் வேலையைப் பற்றிக்கொள்ளும். இரண்டாம் படி ஏறாமலே நின்றுவிடும். கலைப் பட்டத்தின் பயன் மெல்லக் கனிவது. பெருங்கடன் அக்கனியைக் காயிலேயே பறிக்கச் செய்கிறது.

ஆகவே, படிப்பைக் கைவிடச் சொல்வதன்று நம் கருத்து. கடனைச் சிறிதாக்கச் சொல்வதே. அதற்கு நம் வட்டாரத்தில் வழிகள் உண்டு. 1837-இல் தோன்றிய சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937-இல் தாம்பரத்துக்கு வந்தது. அங்கும், வேறு பல கல்லூரிகளிலும், அரசு உதவி பெறும் பிரிவு, சுயநிதிப் பிரிவு என இரண்டு உள்ளன. முன்னதில் ஆசிரியர் ஊதியத்தை அரசு ஏற்பதால் கட்டணம் மிகக் குறைவு. பின்னதில் அச்செலவும் மாணவரையே சாரும். இரண்டிலும் பெறும் பட்டம் ஒன்றே. விண்ணப்பத்தில் எப்பிரிவு என்பதை ஊன்றிப் பாருங்கள். நந்தனம் அரசுக் கலைக் கல்லூரி, மாநிலக் கல்லூரி போன்ற அரசுக் கல்லூரிகளுக்கும் தவறாது விண்ணப்பியுங்கள்.

கட்டணத்துக்கு அடுத்த பெருஞ்செலவு விடுதி. கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை 1931 முதல் மின்தொடர் வண்டி ஓடுகிறது. மாணவர் பருவச்சீட்டு வாங்கி வீட்டிலிருந்தே சென்று வரும் பிள்ளை, விடுதிக் கடனை முற்றும் தவிர்க்கிறது. உதவித் தொகைகளையும் விட்டுவிடலாகாது. 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும் 2024-இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1,000 ரூபாய் வழங்க அமைந்தவை. அரசுப் பள்ளியில் பயின்றோர்க்கு மட்டுமன்றி, உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் பயின்றோர்க்கும் இவை விரிவாக்கப்பட்டன. இவற்றின் இன்றைய விதிகளைக் கல்லூரி அலுவலகத்தில் கேட்டறியுங்கள்.

இவ்வாறெல்லாம் சுருக்கி, ஆண்டுக்கு 20,000 ரூபாய் மட்டும் கடன் வாங்கினால், அதே ஏழாண்டுத் தவணை மாதம் ஏறத்தாழ 1,295 ரூபாய். அதைக் கட்டிக்கொண்டே மேற்படிப்புக்கும் ஆயத்தம் செய்யலாம். படிக்கும்போதே வட்டியை மட்டும் மாதந்தோறும் கட்டிவந்தால் கடன் வளராது; அவ்வாறு கட்டுவோர்க்குப் பல வங்கிகள் வட்டியில் சலுகையும் தருகின்றன.

கையொப்பம் இடுமுன் மகனையோ மகளையோ அருகில் அமர்த்தி மூன்று வினாக்களைக் கேளுங்கள். தவணை தொடங்கும் நாளில் மொத்தக் கடன் எவ்வளவு? முதல் ஊதியத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குள் தவணை அடங்குமா? பட்டத்துக்குப் பின் ஏறவேண்டிய அடுத்த படி எது, அதற்குப் பணம் எங்கே? மூன்றுக்கும் தெளிவான விடை இருந்தால் வரலாறு படிக்க விரும்பும் மகளைத் தடுக்காதீர்கள். விடை இல்லையெனில், பொறியியலேயாயினும் ஒரு முறைக்கு இரு முறை எண்ணிப் பாருங்கள். அடகு வைக்கப்படுவது வீட்டு நகை மட்டுமன்று. பிள்ளையின் இருபதுகளும் அன்றோ?