மௌனத்தின் விலை: 'சைலன்சர்' என்னும் சொல்லை முன்வைத்து

தமிழ்த் துப்பறியும் புதினங்களை வாசித்து வளர்ந்த எவருக்கும் 'சைலன்சர்' அந்நியமான பொருளன்று. கொலையாளி துப்பாக்கியின் முனையில் ஓர் உருளையைத் திருகுகிறான். மெல்லிய 'ப்ளக்' ஓசை. எதிரே நின்றவர் சரிகிறார். அடுத்த அறையில் தேநீர் அருந்திக் கொண்டிருப்பவருக்கு ஒன்றும் தெரிவதில்லை. திரைப்படங்களும் இதே காட்சியைத் தலைமுறை தலைமுறையாகக் காட்டி வருகின்றன. இக்காட்சி பொய்யானது என்பதும், அப்பொய்க்கு ஊற்றுக்கண் ஒரு சொல் என்பதும் நம் கருத்து. கதைக்குள் நடக்கும் பொய்யால் யாருக்கு என்ன கேடு என்று வாசக நண்பர்கள் வினவலாம். கேடு உண்டு. அதைக் காண, இக்கருவி எதைச் செய்கிறது, எதைச் செய்வதில்லை என்பதை முதலில் அறிந்துகொள்ளுதல் நலம்.

துப்பாக்கியின் ஓசை ஒன்றன்று; மூன்று. முதலாவது, குழலின் வாயிலிருந்து பீறிடும் சூடான வாயுவின் முழக்கம். இரண்டாவது, ஒலியைவிட விரைவாகப் பறக்கும் குண்டு காற்றைக் கிழிப்பதால் பிறக்கும் அதிர்வலை. சாட்டையைச் சொடுக்கினாற்போன்ற கூரிய ஒலி. மூன்றாவது, துப்பாக்கியின் உறுப்புகள் அசைந்து மோதும் உலோக ஓசை. குழல் முனையில் பொருத்தப்படும் உருளை முதல் ஓசையை மட்டுமே தணிக்க வல்லது. உருளைக்குள் வரிசையாக அமைந்த தடுப்புத் தகடுகள் வாயுவைச் சுழலச் செய்து, விரியச் செய்து, குளிரச் செய்து, பிறகே வெளியே விடுகின்றன. இரண்டாவது ஓசையை அக்கருவி தீண்டவே முடியாது. குண்டு குழலை விட்டு நீங்கிய பின்னரும், தான் செல்லும் வழியெல்லாம் அவ்வலையை உண்டாக்கிக்கொண்டே போகிறது. எர்ன்ஸ்ட் மாக், பீட்டர் சால்ஷர் என்னும் அறிவியலாளர் இருவரின் முயற்சியில், 1886-ஆம் ஆண்டிலேயே இவ்வலை ஒளிப்படத்தில் பதிவாகிவிட்டது. ஓடும் படகின் முன் எழும் நீரலை போல, பறக்கும் குண்டின் மூக்கிலிருந்து காற்றலை கூம்பாய் விரிவதை அன்றே மனிதக் கண்கள் கண்டன.

எண்களில் சொல்வதானால், ஒரு ரைஃபிளின் வெடியோசை ஏறத்தாழ 160 முதல் 170 டெசிபெல் வரை இருக்கும். நல்லதொரு உருளை அதில் 20 முதல் 35 டெசிபெல் வரை குறைக்கும். 140 டெசிபெல்லைத் தாண்டும் திடீர் ஓசை செவிக்குக் கேடு என்பது பொதுவாக ஏற்கப்பட்ட வரம்பு. ஆகவே இக்கருவி செய்வதெல்லாம், செவியைக் கெடுக்கும் ஓசையைப் பெரும்பாலும் அவ்வரம்பை ஒட்டிக் கொணர்வதுதான். அடுத்த அறைத் தேநீர்க் கோப்பை நிச்சயம் அதிரும்.

அப்படியானால் இரண்டாவது ஓசையை ஒழிக்க வழியே இல்லையா? ஒரு வழி உண்டு: குண்டின் வேகத்தை ஒலியின் வேகத்துக்குக் கீழே இறக்குவது. இதற்கெனத் தோட்டாவைத் தம் கையாலேயே நிரப்பும் பொழுதுபோக்காளர் அமெரிக்காவில் ஏராளம். அங்கு இது சட்டத்துக்கு உட்பட்ட, நெடுங்காலப் பழக்கமுள்ள கைவினை. மருந்தைக் குறைத்துவிட்டால் வேகம் குறைந்துவிடும், அவ்வளவுதானே என்று தோன்றும். அவ்வாறு எளிதன்று என்பதே நாம் இங்குக் கவனிக்க வேண்டிய செய்தி.

ஒலியின் வேகமே நிலையானதன்று. காற்று 20 பாகை செல்சியசில் இருக்கும்போது அது நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர். சுழியம் பாகையில் 331 மீட்டர். கோடை நண்பகலில் ஓசையின்றிப் பறந்த குண்டு, பனிக்கால விடியலில் அதே வேகத்தில் சென்றும் 'சடார்' என்று காட்டிக் கொடுத்துவிடக்கூடும்.

அடுத்து, ஆற்றல். நொடிக்கு 800 மீட்டரில் பறக்கும் குண்டை 320 மீட்டருக்கு இறக்கினால் வேகம் இரண்டரை மடங்கு குறைகிறது. இயக்க ஆற்றலோ ஆறு மடங்குக்கு மேல் குறைகிறது. இழந்ததை ஓரளவு ஈடுகட்டக் கனமான குண்டு தேவை. கனமான குண்டு நீளமானதாகவும் இருக்கும். நீளம் கூடக்கூட, தலைகீழாய்ப் புரளாமல் நேரே செல்ல அது மிக விரைந்து சுழல வேண்டும். 1879-இல் கிரீன்ஹில் என்னும் ஆங்கிலேயக் கணித அறிஞர் இவ்வுறவைச் சூத்திரமாக்கித் தந்தார். குழலின் உட்புறத்துப் புரிகள் போதிய சுழற்சியைத் தராவிட்டால், தள்ளாடும் குண்டு உருளையின் தகடுகளையே இடித்துச் சிதைத்துவிடும். மருந்தை அளவுக்கு மீறிக் குறைத்துவிட்டாலோ குண்டு குழலுக்குள்ளேயே சிக்கி நிற்கும். அதை அறியாமல் மறுமுறை சுடுவது பேராபத்து.

எல்லாவற்றிலும் கடினமானது, ஒரே சீர்மை. பெரிய பித்தளைக் கூட்டுக்குள் கொஞ்சம் மருந்து, அது முன்புறம் சரிந்து கிடக்கிறதா, பின்புறம் குவிந்து கிடக்கிறதா என்பதைப் பொறுத்துக்கூட எரியும் விதம் மாறுகிறது, வேகமும் மாறுகிறது. இதன் விளைவைச் சிறு கணக்கால் விளக்கலாம். நொடிக்கு 310 மீட்டர் அளவில் செல்லும் குண்டு 200 மீட்டர் தொலைவைக் கடப்பதற்குள், புவியீர்ப்பால் இரண்டு மீட்டருக்கு இறங்கிவிடுகிறது. நொடிக்குப் பத்து மீட்டர் வேக வேறுபாடு இருந்தால் இரு குண்டுகள் படும் இடங்களுக்கிடையே 13 சென்டிமீட்டர் இடைவெளி விழும். வழக்கமான விரைவு ரைஃபிளில் அதே வேறுபாடு ஒரு சென்டிமீட்டரைக்கூடத் தொடுவதில்லை. ஆதலால் இக்கைவினையாளர் மருந்தை 'கிரெய்ன்' என்னும் அளவையின் பத்தில் ஒரு பங்கு வரை நிறுத்துப் பார்க்கின்றனர். அஃதாவது ஆறரை மில்லிகிராம். தானிய மணியிலிருந்து பிறந்த அளவை அது. குன்றிமணியிட்டுப் பொன் நிறுத்த நம் பொற்கொல்லர் மரபுக்கு இந்தக் கவனம் புதிதன்று. ஒவ்வொரு தோட்டாவின் வேகத்தையும் கருவி கொண்டு அளந்து குறித்து, மாற்றி, மீண்டும் அளந்து, பல வாரங்கள் உழைத்த பிறகே அவர்களுக்கு ஒரு நிரப்பு கைவருகிறது. 2011-இல் தொழில்துறைத் தர அமைப்பின் ஏற்பைப் பெற்ற .300 பிளாக்அவுட் போன்ற சிறு கூட்டுத் தோட்டாக்கள் இப்பணியைச் சற்று எளிதாக்கின, அவ்வளவே.

இத்தனை உழைப்புக்குப் பின்னும் கிட்டுவது மௌனமா? அன்று. ஓசையின் ஒரு பங்கு குறைகிறது. அதற்கு ஈடாக ஆற்றல், தொலைவு, எளிமை மூன்றும் கைவிட்டுப் போகின்றன. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியர் ஓசை குன்றிய துப்பாக்கி வேண்டுமென்றபோது, லீ-என்ஃபீல்டு ரைஃபிளை மாற்றியமைத்து 'டி லைல்' என்னும் துப்பாக்கியைச் செய்தனர். அதற்கு அவர்கள் தேர்ந்தது ரைஃபிள் தோட்டாவையன்று. இயல்பாகவே ஒலியினும் மெதுவாகச் செல்லும்.45 கைத்துப்பாக்கித் தோட்டாவை. போர்க்களத்தின் நெருக்கடியிலும் இயற்பியல் சலுகை தரவில்லை.

இனி, சொல்லுக்கு வருவோம். இக்கருவியை வணிக வெற்றியாக்கியவர் ஹிராம் பெர்சி மாக்சிம் என்னும் அமெரிக்கப் பொறியாளர். 1909-இல் காப்புரிமை பெற்று, 'மாக்சிம் சைலன்சர்' என்ற பெயரில் விற்றார். வரலாற்றின் முரணைப் பாருங்கள்: அவருடைய தந்தை ஹிராம் ஸ்டீவன்ஸ் மாக்சிம், 1884-இல் மாக்சிம் இயந்திரத் துப்பாக்கியை உலகுக்குத் தந்தவர். தாம் படைத்த கருவியின் முழக்கத்தாலேயே அத்தந்தை செவித்திறனை இழந்தார். தந்தை ஓசையைப் பெருக்கினார். மகன் ஓசையைத் தணிக்க முனைந்தார். எந்திர வண்டிகளின் புகைபோக்கிக்கும் அதே கொள்கையை மகன் பயன்படுத்தினார். நம் ஊர் மோட்டார் சைக்கிளின் 'சைலன்சர்' எவ்வளவு மௌனமானது என்பதை எந்தத் தெருவில் நின்றும் கேட்டறியலாம். அங்கே அச்சொல் நம்மை ஏமாற்றுவதில்லை. காது உடனே திருத்திவிடுகிறது. துப்பாக்கி விடயத்தில் திருத்துவதற்குக் காது இல்லை; கதை மட்டுமே உண்டு.

விற்பனைக்காகச் சூட்டிய பெயர் பின்னர் சட்டத்துக்குள்ளும் புகுந்தது. 1934-ஆம் ஆண்டின் அமெரிக்கத் தேசியச் சுடுகலன் சட்டம் இக்கருவியைப் பதிவுக்கு உட்படுத்தி, 200 டாலர் வரி விதித்தது. அக்காலத்தில் அது பெருந்தொகை. பல பத்தாண்டுகள் மாறாதிருந்த அவ்வரி, 2025-இல் இயற்றப்பட்ட சட்டத்தால் 2026 ஜனவரி முதல் நாளிலிருந்து சுழியமாயிற்று; பதிவு முறை நீடிக்கிறது. இந்நெடிய விவாதத்தில் இரு தரப்பும் ஒரு சொல்லின் நிழலிலேயே நின்று பேசியதைக் காண்கிறோம். ஒரு தரப்புக்கு இக்கருவி ஓசையற்ற கொலைக்கருவி. மறுதரப்புக்கு அது செவிக்காப்பு மட்டுமே, வேறொன்றுமில்லை.

இரண்டும் அரை உண்மைகள். நார்வே போன்ற நாடுகளில் வேட்டையாடுவோர் தம் செவியையும் அண்டையாரின் அமைதியையும் கருதி இதைப் பயன்படுத்துவது வழக்கம். அங்கு இது கொலையின் சின்னமன்று. ஆயினும் 2019 மே 31 அன்று வர்ஜீனியா பீச் நகரின் அரசு அலுவலகக் கட்டடத்தில் 12 பேர் கொல்லப்பட்டபோது, கொலையாளியின் கைத்துப்பாக்கியில் இக்கருவி இருந்தது. கட்டடத்தில் இருந்தவர்களுக்கு ஓசை கேட்காமல் போகவில்லை. ஆனால் கேட்ட ஓசை துப்பாக்கியோசைதான் என்று அடையாளம் காண்பது கடினமாகியிருக்கலாம் என்ற கேள்வி அதன்பின் வலுவாக எழுந்தது. அக்கேள்வியைப் புறந்தள்ள இயலாது. ஆபத்து மௌனத்தில் இல்லை. உருமாறிய ஓசையில் இருக்கிறது. 'சைலன்சர்' என்னும் சொல்லை நம்பியவர்கள் இவ்வேறுபாட்டைக் காணவே வாய்ப்பில்லை. ஓசையே எழாது என்று எண்ணுபவர், தம் காதில் விழும் விசித்திர ஓசையைக் கண்டு ஓட மாட்டார். சொற்பிழை உயிர்ப்பிழையாவது இவ்விடத்தில்தான்.

தமிழ் வகுப்பில் நாம் ஓயாமல் வலியுறுத்துவது ஒன்று: பெயர் பொருளுக்குப் பொருந்த வேண்டும். ஆங்கிலத்திலேயே துறையறிந்தோர் பலர் 'சைலன்சர்' என்பதைத் தவிர்த்து 'சப்ரசர்' என்கின்றனர். பிரித்தானிய வேட்டையாளர் 'மாடரேட்டர்' என்கின்றனர். தமிழில் 'ஒலியடக்கி' என்று எழுதப்படுவதுண்டு. 'அடக்கி' என்பதும் முற்றொடுக்கத்தையே உணர்த்துகிறது. 'ஒலிதணிப்பான்' என்பதே பொருத்தம் என்பது நம் துணிபு. காய்ச்சல் தணிகிறது, சினம் தணிகிறது, தாகம் தணிகிறது. தணிதல் என்பது இல்லாமற்போதல் அன்று, குறைதல். அக்கருவி செய்வது அதுவே.

சொல்லாராய்ச்சியோடு நம் வேண்டுகோள் முடியவில்லை. குற்றப்புனைவு எழுதும் நண்பர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கொலைக்கு மௌனத்தை இலவசமாக வழங்கும்போது நாம் ஒரு தொழில்நுட்பப் பிழையை மட்டும் செய்வதில்லை. வன்முறையை அண்டை அறைக்குக் கேட்காத ஒன்றாக, சாட்சியற்ற ஒன்றாக, தூய்மையான ஒன்றாக ஆக்கிவிடுகிறோம். 'ப்ளக்' என்ற ஓசையில் ஓர் உயிர் போய்விடும் உலகில் யாரும் பொறுப்பாளியல்லர். ஏனெனில் யாருக்கும் கேட்கவில்லை. உண்மை உலகில் துப்பாக்கி ஓசையிடுகிறது. கேட்டவர் இருக்கிறார். கேட்டும் கதவைத் திறக்காதவர் இருக்கிறார். என்னவென்று புரியாமல் தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டியவர் இருக்கிறார். கதை பிறக்க வேண்டிய இடம் அவர்களுடைய மனம் அல்லவா? அந்த இடத்தை ஓர் உருளையைத் திருகி அடைத்துவிடுகிறோம்.

கதாசிரியர் ஆய்வுக்கூடம் அமைக்க வேண்டும் என்று நாம் கோரவில்லை. ஆறரை மில்லிகிராம் மருந்துக்காக இரவெல்லாம் தராசைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு கைவினைஞருக்குக்கூட முழு மௌனம் கிட்டவில்லை என்பதை மட்டும் நினைவிற்கொண்டு அடுத்த கொலைக் காட்சியை எழுதட்டும். அக்காட்சியில் ஓசை இருக்கட்டும்; அதைக் கேட்டவர் ஒருவரும் இருக்கட்டும்.