சிவப்பு விளக்கை அழித்துவிட்டு என்ன வானம் காட்டுறீங்கள்?

"மச்சான், இது எங்கட ஊரா எண்டு பார்" என்று நண்பன் ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். அரை நிமிட டைம்லாப்ஸ். பேசாலைக் கரை, இழுத்து வைத்த வள்ளம், அதற்கு அங்கால் கடல். கடலுக்கு மேலே பால்வெளியின் தடித்த நடுப்பகுதி மெல்ல எழும்பி வருகிறது. கீழே லைக்குகளும் இதயங்களும் குவிந்து கிடந்தன.

அழகுதான். ஆனால் பொய்.

ஏன் பொய் என்று சொல்கிறேன். மன்னார் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 9 பாகையில் இருக்கிறது. பால்வெளியின் நடுப்பகுதி இருப்பதோ வான நடுக்கோட்டுக்குத் தெற்கே 29 பாகையில். கணக்குப் பார்த்தால், அது எங்களுக்குத் தென்கிழக்கில் எழும்பி, தெற்கில் 52 பாகை உயரம் வரை ஏறி, தென்மேற்கில் இறங்கும். வடக்குப் பக்கம் வரவே வராது. பேசாலைக் கரையில் கடல் இருப்பது வடக்கே. அந்தப் பக்கம் 9 பாகை உயரத்தில், கடலை ஒட்டினாற்போல, துருவ நட்சத்திரம்தான் நிற்கும். வேறெங்கோ எடுத்த வானத்தை வெட்டி இங்கே ஒட்டியிருக்கிறார்கள்.

சரி, ஒட்டினால் என்ன, யாருக்கு நட்டம் என்று கேட்பீங்கள். உண்மையான பால்வெளியை எடுக்க வேண்டுமென்றால் கமராவைத் தெற்கே திருப்ப வேண்டும். தெற்கே என்ன இருக்கிறது? 2020 டிசம்பரில் திறந்த தம்பபவனியின் 30 காற்றாலைகள், தீவின் தென்கரை நெடுக. இரவில் அவற்றின் சிவப்பு விளக்குகள். அவை படத்தில் விழக்கூடாது என்பதற்காகத்தான் வானத்தையே திசை மாற்றி வைத்தார்கள் என்பது என் சந்தேகம். சந்தேகம் பிழையாக இருக்கலாம். ஆனால் விளைவு ஒன்றுதான்: விளக்கில்லாத, ஆளில்லாத, பிரச்சினையில்லாத ஒரு மன்னார்.

வெட்டி ஒட்டுவது சின்னப் பிள்ளைகளின் களவு. அதைவிட நுட்பமான களவு யூடியூப் பாடங்களில் 'அட்வான்ஸ்ட்' என்ற பெயரில் வருகிறது. இருபது முப்பது படங்களை அடுக்கி 'மீடியன்' எடுக்கச் சொல்கிறார்கள். ஒவ்வொரு புள்ளியிலும் நடு மதிப்பு மட்டும் மிஞ்சும். இரைச்சல் குறையும், படம் பளிச்சென்று வரும். கூடவே அசைகிறதெல்லாம் காணாமல் போகும். விமானமும் செய்மதியும் போகட்டும். படகு விளக்கும் போகுமே! தொழிலுக்குப் போன எங்கட ஆட்களின் விளக்கும் போகும், எல்லை தாண்டி வந்து வலையறுக்கிற றோலரின் விளக்கும் போகும். இழுவைமடித் தொழிலை இலங்கை 2017இல் சட்டம் போட்டுத் தடுத்தது. அதை மீறி வருகிறவர்களை நீங்கள் ஒரு கிளிக்கில் துடைத்துவிடுகிறீர்கள்.

ஒரு துடைப்பும் செய்யாவிட்டாலும் கமரா தானாகவே மறைக்கும். 500ஐ வில்லையின் குவியத் தூரத்தால் வகு என்பது பழைய கணக்கு. 24 மில்லிமீற்றருக்கு ஏறத்தாழ 20 விநாடி வரும். 20 விநாடி திறந்து வைத்தால் சுழலும் காற்றாலை இறகு புகைபோலக் கரைந்து தூண் மட்டும் நிற்கும். மின்னி அணையும் விளக்கு அணையாத விளக்காகிவிடும். பார்க்கிறவருக்கு அது ஒரு அசையாத கம்பம். பறவைகள் வலசை வரும் பாதையில் சுழல்கிற இயந்திரம் என்று தெரியாது.

"கலைஞனுக்குச் சுதந்திரம் இல்லையா? சுற்றுலா வளர வேண்டாமா?" என்பார்கள். இருக்கிறது, வளரட்டும். கற்பனை என்றால் கற்பனை என்று எழுதிப் போடுங்கோ, நான் வாயே திறக்கமாட்டேன். "அப்ப காற்றாலை வேண்டாமா, மின்சாரம் வேண்டாமா?" என்றும் கேட்பார்கள். அது வேறு விவாதம், அதில் எனக்கும் குழப்பங்கள் உண்டு. ஆனால் 2025 ஆகஸ்டில் காற்றாலைக்கும் இல்மனைற் மண் அகழ்வுக்கும் எதிராக மன்னாரில் சனம் தெருவுக்கு வந்தது. அந்தச் சனத்தின் ஊரை விளக்கில்லாமல் காட்டுவது நடுநிலை இல்லை. ஒரு பக்கம் சாய்ந்து நிற்பதுதான்.

நுட்பம் வேண்டாம் என்று சொல்லவில்லை. நல்லாய்ப் படியுங்கோ. 20 விநாடி திறப்பு, 2 விநாடி இடைவெளி, 250 படம்: ஒரு மணி 32 நிமிடம் காத்திருந்தால் 25 பிரேமில் 10 விநாடி வீடியோ. சோளகம் அடிக்கிற மாதங்களில் முக்காலியில் மண்மூட்டை தொங்கவிடாவிட்டால் அத்தனையும் பாழ். வில்லையில் உப்புப் படியும், இடையிடையே துடையுங்கோ. வானத்துக்கு மீடியன் போட்டால், கடலுக்கும் கரைக்கும் அதிகபட்ச மதிப்பை எடுக்கிற 'லைட்டன்' முறையைப் போடுங்கோ. எந்த விளக்கும் தொலையாது. காற்றாலைக்குத் தனியாக அரை விநாடிப் படங்களும் எடுத்து வையுங்கோ, இறகு தெரியும்.

இன்னொன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தமிழ்நாட்டுக் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடை. அந்த நாட்களில் ஒரு அமாவாசை இரவு வடக்கே பார்த்து எடுங்கோ. தடை முடிந்த பிறகு வரும் அமாவாசையில் அதே இடம், அதே வில்லை, அதே நேரம் வைத்துத் திரும்ப எடுங்கோ. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கோ. தொடுவானில் என்ன மாறியிருக்கிறது என்று பார்க்கிறவர்களே சொல்வார்கள். திகதி, திசை, திறப்பு நேரம், என்னென்ன திருத்தினீர்கள் என்பதைக் கீழே நாலு வரியில் எழுதுங்கோ.

அந்த வீடியோவைப் பேசாலையில் தொழில் செய்கிற ஒரு ஐயாவிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "வடிவாத்தான் இருக்கு தம்பி. ஆனா ஒரு லைட்டும் இல்லையே, நாங்கள் எல்லாரும் எங்க போயிட்டம்?"

லைக் போட்டவர்கள் அவருக்குப் பதில் சொல்லுங்கோ.